தப்பாகப் பழி சுமந்த உறுப்புகள்

நம்பிக்கை: நெறி கட்டினால் உடம்பில் கெட்ட நீர் சேர்ந்துவிட்டது என்று பொருள், தேய்த்துக் கரைக்க வேண்டும்.

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், கையில் புண் என்றால் அக்குளில் கட்டும். நம் பாட்டிகள் இதைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்தக் கவனிப்பு மிகச் சரியானது. விளக்கத்தில்தான் பிழை. நெறி என்று நாம் சொல்வது நிணநீர்க் கணு. அது எல்லோருக்கும் எப்போதும் உடம்பில் இருப்பது; வேலை வரும்போதுதான் கைக்குத் தட்டுப்படுகிறது. புண்ணில் நுழைந்த கிருமியின் துணுக்குகளைச் சில அணுக்கள் சுமந்துகொண்டு, நிணநீர்க் குழாய் வழியே பக்கத்துக் கணுவுக்கு வருகின்றன. அங்கே காத்திருக்கும் எண்ணற்ற வெள்ளணுக்களில் அந்தக் கிருமிக்கென்றே அமைந்தவை மிகச் சில. அவை அடையாளம் கண்டு, சில நாட்களில் ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன. வீக்கத்துக்குக் காரணம் அந்தப் பெருக்கம்.

ஆகவே தேய்ப்பதும், சூடு போடுவதும், கீறிவிடுவதும் வேண்டாம். புண்ணுக்கு வைத்தியம் பார்த்தால் நெறி தானே இறங்கும். வலியே இல்லாமல் கெட்டியாக வளர்கிறது, வாரக்கணக்கில் குறையவில்லை, கூடவே மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காசநோயும் நிணநீர்ப் புற்றும் அப்படித் தொடங்குவது உண்டு.

நம்பிக்கை: நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ், குழந்தைப் பருவம் முடிந்ததும் வாடிப்போகும் உதவாக்கரைச் சுரப்பி.

இந்த நம்பிக்கையைப் பரப்பியவர்கள் பாட்டிகள் அல்ல, மருத்துவர்கள். அதனால் விளைந்த கொடுமையும் பெரிது.

1889-ல் வியன்னாவைச் சேர்ந்த பால்டாஃப் என்ற மருத்துவர், திடீரென்று இறந்த குழந்தைகளின் உடலில் தைமஸ் பெரிதாக இருப்பதாகச் சொல்லி அதை ஒரு நோயாக வகைப்படுத்தினார். பெருத்த தைமஸ் மூச்சுக்குழலை நெரிக்கிறது என்ற எண்ணமும் பரவியிருந்தது. உண்மையில் அந்தக் குழந்தைகளின் தைமஸ்தான் இயல்பான அளவில் இருந்தது. உடற்கூறு படித்தவர்கள் அதுவரை அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் ஏழைகளின் சடலங்கள். நீண்ட நோயிலும் பட்டினியிலும் வாடி இறந்தவர்கள். பட்டினியும் நோயும் தைமஸை வெகு வேகமாகச் சுருக்கிவிடும். வறுமை சுருக்கிய உறுப்பை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஆரோக்கியமான உறுப்பை நோய் என்றார்கள். இதைப் படித்த நாளிலிருந்து ‘நார்மல் அளவு’ என்ற சொல்லைக் காணும்போதெல்லாம், யாருடைய உடம்பில் அளந்தார்கள் என்ற கேள்வி எனக்குள் எழாமல் இருப்பதில்லை.

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், அமெரிக்காவில் நலமாக இருந்த எத்தனையோ குழந்தைகளின் மார்பில் அந்தச் சுரப்பியைச் சுருக்குவதற்காக எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். பக்கத்திலேயே இருக்கும் தைராய்டும் கதிரை வாங்கிக்கொண்டது. வருடங்கள் கழித்து அவர்களில் பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. 1950-ல் இந்தத் தொடர்பு மருத்துவ இதழில் வெளியானது.

தைமஸின் வேலை தெரிய 1961 வரை ஆனது. லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்த சில மணி நேரத்திலேயே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டார். அவை தேறவில்லை, தொற்றுகளில் மடிந்தன. அந்நிய எலியின் தோலை ஒட்டினால்கூட உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. அவருக்கு முன்னால் வளர்ந்த எலிகளில் தைமஸை எடுத்துப் பார்த்தவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. காரணம், அதற்குள் அது பயிற்றுவித்த டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் உடம்பெங்கும் போய்ச் சேர்ந்திருந்தன. அந்தப் பயிற்சி இரக்கமற்றது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் அணுக்களில் 100-க்கு 95-க்கு மேல் தைமஸுக்குள்ளேயே அழிகின்றன. எதையும் அடையாளம் காணத் தெரியாதவையும், சொந்த உடம்பையே தாக்கக்கூடியவையும் வெளியே வருவதில்லை.

வயதானால் தைமஸ் சுருங்கிக் கொழுப்பாகிறது என்பது மெய். அதற்காக அது வேலையை விட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 2023-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர்களில் தைமஸ் எடுக்கப்பட்டவர்களையும், அதை எடுக்காமல் அதுபோன்ற இதய, மார்பு அறுவை செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டது. 5 ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 8.1 சதவீதம், மற்றதில் 2.8 சதவீதம்.

பரிணாமத்தைப் பார்த்தாலும் இது தற்செயலாக ஒட்டிக்கொண்ட சதை அல்ல. தாடையுள்ள மீன்கள் தோன்றிய காலத்திலிருந்து தைமஸும் மண்ணீரலும் கூடவே வருகின்றன. சுறாவுக்கு எலும்பும் இல்லை, மஜ்ஜையும் இல்லை. ஆனால் தைமஸும் மண்ணீரலும் உண்டு. நிணநீர்க் கணுக்கள் அதற்கு வெகு காலம் கழித்து வந்தவை. பாலூட்டிகளில்தான் முழு உருவம் பெற்றிருக்கின்றன.

நம்பிக்கை: குடல்வால் வேண்டாத வால்.

டார்வினே அப்படித்தான் நினைத்தார். ஆனால் குடல்வாலின் சுவர் முழுக்க நிணநீர்த் திசு இருப்பதை நுண்ணோக்கியில் யாரும் பார்க்கலாம். பாலூட்டிகளில் அது பலமுறை தனித்தனியாக உருவாகியிருக்கிறது. பேதியில் குடலே கழுவப்பட்டுப்போனாலும் நல்ல பாக்டீரியாக்கள் அங்கே தங்கி மீண்டும் பெருகலாம் என்பது 2007-ல் முன்வைக்கப்பட்ட கருத்து. அழற்சி வந்துவிட்டால் எடுக்கச் சொல்லும் மருத்துவரோடு வாதாட இதை ஆயுதமாக்க வேண்டாம். வெடித்த குடல்வால் உயிரை வாங்கும்.

நம்பிக்கை: ஆட்டுச் சுவரொட்டி சாப்பிட்டால் ரத்தம் ஊறும், ஏனென்றால் ரத்தம் ஊறும் இடமே அதுதான்.

சுவரொட்டி என்பது மண்ணீரல். அதில் இரும்புச்சத்து நிறைய உண்டு. சோகை உள்ளவருக்கு அம்மா வதக்கிக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் ரத்தம் அங்கே பிறப்பதால் அல்ல, முடிவதால்தான் அந்த இரும்பு. சுமார் 120 நாள் ஓடித் தேய்ந்த சிவப்பணுக்களை மண்ணீரல் பிரித்தெடுத்துச் சிதைத்து, இரும்பை மறுபடி மஜ்ஜைக்கு அனுப்புகிறது. கருவில் இருக்கும்போது மட்டும் கல்லீரலோடு சேர்ந்து ரத்த அணுக்களை உருவாக்குகிறது. மஜ்ஜை தயாரானதும் அந்த வேலை அதன் கைக்கு மாறிவிடுகிறது.

மண்ணீரல் இல்லாமல் வாழலாம் என்பதும் பாதிதான் சரி. நிமோகாக்கஸ் போன்ற உறை பூண்ட கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது அதுதான். மண்ணீரல் எடுத்த கைக்குழந்தைகளுக்குக் கடுமையான தொற்று வருவதை 1952-ல் கிங், ஷூமேக்கர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தலசீமியாவுக்காகவோ விபத்திலோ மண்ணீரலை இழந்தவர்கள் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே. அப்படிப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்து, இரவில் குளிரோடு காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போனதும் முதல் வார்த்தையாக, இவருக்கு மண்ணீரல் இல்லை என்று சொல்லுங்கள்.