ரெக்கார்டிங் பாக்ஸ் வாங்கறீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு வாங்குங்க!

ஆபீஸ் முடிஞ்சு வீடு வர்றதுக்குள்ள சீரியல் முடிஞ்சிடுது. தீபாவளி சிறப்புப் படம் ஓடும்போதுதான் விருந்தாளிங்க வர்றாங்க. ஆப்ல பார்த்துக்கலாம்தான், ஆனா நெட் ஒழுங்கா வரணும். ரிமோட்டைத் தவிர வேற எதையும் தொடாத மாமியார் இருக்கிற வீட்டுக்கு, ரெக்கார்டிங் வசதியுள்ள ஹெச்.டி. செட்டாப் பாக்ஸ்தான் தோது. பதிவு கெட்டா பாக்ஸைத் திட்டுவோம். பாதி நேரம் குத்தம் வயர்லயும் சுவிட்ச்லயும்தான் இருக்கும்!

வாங்கும் முன்னாடி
பின்னால யு.எஸ்.பி. ஓட்டை இருக்குன்னு நம்பிடாதீங்க. சில பாக்ஸ்ல அது சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு மட்டும்தான். ரெக்கார்டிங் உண்டா, அதுக்குத் தனிக் கட்டணமா, ஒரு சேனல் பதிவாகும்போது இன்னொண்ணைப் பார்க்கலாமா - இந்த மூணையும் கேளுங்க. கடைசி வசதிக்கு உள்ளே ரெண்டு டியூனர் வேணும். பல மாடலுக்கு டிஷ்ல இருந்து ரெண்டு கேபிள் இழுக்கணும். ஆள் மாடி ஏறும்போதே சேர்த்து இழுத்து வாங்கிடுங்க. அப்புறம் கூப்பிட்டா அதுக்குத் தனிக் காசு.

படம் பளிச்னு வர
மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள பழைய வயரைத் தூக்கிப் போடுங்க. அது வழியா 576 வரிப் படம்தான் வரும், ஹெச்.டி. சேனல்ல 1080 வரி. ஹெச்.டி.எம்.ஐ. வயர் போட்டு, பாக்ஸ் செட்டிங்ஸ்ல 1080i இருக்கான்னு பாருங்க. ஒரே சேனல் சாதா, ஹெச்.டி.ன்னு ரெண்டு நம்பர்ல வரும். எந்த நம்பர்ல பதிவு வைக்கிறீங்களோ அந்தத் தரம்தான் கிடைக்கும்.

ஹார்ட் டிஸ்க்
உள்ளேயே டிஸ்க் இருக்கிற பாக்ஸ்னா கவலையில்லை. வெளியே செருகறதா இருந்தா பென் டிரைவ் வேண்டாம், போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. சேனல் நொடிக்கு 8 மெகாபிட் வேகத்துல வந்தா, ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜி.பி. பிடிக்கும். அந்தக் கணக்குல 1 டி.பி. டிஸ்க்ல 250 மணி நேரத்துக்கு மேல அடங்கும். வீட்டுக்கு அது தாராளம்.

பாக்ஸ் முதல்ல டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணச் சொல்லும். கல்யாண போட்டோ இருக்கிற டிஸ்க்கைச் செருகிடாதீங்க, எல்லாம் அழிஞ்சிடும். பதிவானதும் பூட்டுப் போட்ட மாதிரிதான். கம்ப்யூட்டர்ல ஓடாது, வேற பாக்ஸ்லயும் ஓடாது. பாக்ஸ் ரிப்பேராகி மாத்தினா பழைய பதிவுகளுக்கு டாட்டா சொல்ல வேண்டியதுதான். அதனால பார்த்ததை உடனே அழிச்சிடுங்க, சேர்த்து வைக்காதீங்க. ரீசார்ஜ் தேதியையும் விட்டுடாதீங்க. கணக்கு முடங்கினா பதிவு பண்ணி வெச்சதும் ஓடாமப் போகலாம்.

சுவிட்ச்!
ரொம்ப முக்கியமானது இதுதான். ராத்திரி படுக்கப் போகும்போது எல்லா சுவிட்சையும் அணைக்கிறது நம்ம வீட்டுப் பழக்கம். பதிவு வெச்சிருக்கும்போது பாக்ஸை ரிமோட்லயே அணைங்க, சுவர் சுவிட்ச் ஆன்ல இருக்கட்டும். டி.வி.யை அணைக்கலாம், அதுக்கும் பதிவுக்கும் சம்பந்தமில்லை. அந்த சுவிட்ச் மேல 'அணைக்காதே'ன்னு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுங்க. டிஷ் கேபிளும் கழண்டிருக்கக் கூடாது. இன்வெர்ட்டர் இருந்தா பாக்ஸை அந்த லைன்ல போடுங்க. கரண்ட் போனாலும் பதிவு நிக்காது. மூடின அலமாரிக்குள்ள, இன்னொரு பெட்டி மேலன்னு வைக்காதீங்க. சூடு ஏறினா டிஸ்க்குக்கு ஆகாது.

நேரம் வைக்கும்போது
நிகழ்ச்சி சொன்ன நேரத்துக்கு முடியறதில்லை. முன்னால 5 நிமிஷம், பின்னால 15 நிமிஷம் சேர்த்து வைங்க. கிரிக்கெட்னா பின்னால 1 மணி நேரம் சேருங்க. கொஞ்ச நேரம் மழை வந்தாலோ சூப்பர் ஓவர் போனாலோ கடைசிப் பந்து தப்பாது. சீரியலுக்கு எல்லா எபிசோடும் பதிவாகற ஆப்ஷன் இருந்தா அதையே தட்டிடுங்க.

மழைக்காலம்
கனமழையில டிஷ் சிக்னல் விழுந்தா பதிவுலயும் அந்த இடம் ஓட்டையாத்தான் இருக்கும். வானம் தெளிவா இருக்கிற நாள்ல சிக்னல் குவாலிட்டியைப் பாருங்க. அப்பவே குறைச்சலா இருந்தா டிஷ் திரும்பியிருக்கும், இல்ல கேபிள் முனை துருப்பிடிச்சிருக்கும். ஐப்பசிக்கு முன்னாடியே ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணிடுங்க.

எல்லாம் மாட்டி முடிச்சதும், பாக்ஸை ரிமோட்ல அணைச்ச நிலையிலயே ஏதாவது ஒரு நிகழ்ச்சியை 10 நிமிஷம் பதிவு வெச்சுப் போட்டுப் பாருங்க. சத்தம், படம் ரெண்டும் சரியா இருந்தா ஃபைனல் மேட்சை அதை நம்பி ஒப்படைக்கலாம்.