நிரலைப் பதம் பிரித்தல்: பைத்தான் மொழியில் உறுப்புப் பிரிப்பும் இலக்கணப் பகுப்பும்

கணிப்பொறிக்காக எழுதப்படும் நிரல் மனிதர் கண்ணுக்குச் சொற்களாகவும் வரிகளாகவும் தோன்றுகிறது. பொறிக்கோ அது தொடக்கத்தில் எழுத்துகளின் நீண்டதொரு சரமே. அச்சரத்தில் ஒரு சொல் எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது, எது எதனுடன் சேர்ந்து பொருள் தருகிறது என்பன அதற்கு விளங்கா. புள்ளியும் சொல்லிடை வெளியும் இன்றி ஓலையில் எழுதப்பட்ட செய்யுளை முதலிற் பதம் பிரித்து, பின்னர்ச் சொற்களைக் கூட்டிப் பொருள் காணும் புலவரின் தொழிலையே இங்கு ஒரு நிரல் செய்ய வேண்டியுள்ளது. அத்தொழில் இரு கட்டங்களில் நடைபெறும். எழுத்துச் சரத்தை டோக்கன் எனப்படும் உறுப்புகளாகப் பிரிப்பது முதற்கட்டம். அவ்வுறுப்புகளை மொழியின் இலக்கணப்படி வாக்கியங்களாகக் கூட்டுவது இரண்டாம் கட்டம். இதனைப் பார்சிங் என்பர்.

இவை எவ்வாறு நிகழ்கின்றன என்பதைப் பைத்தான் என்னும் மொழியைக் கொண்டு விளக்குதல் எளிது. ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணினியியல் தேசிய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கைடோ வான் ரோசம் என்பவர் 1989 டிசம்பரில் இதனை உருவாக்கத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் முதல் பதிப்பு வெளிவந்தது. பெயரைக் கேட்டு மலைப்பாம்பை நினைக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர் ஒன்றிலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொண்ட பெயர் அது.

உறுப்புகளைப் பிரிக்கும் பகுதி இடமிருந்து வலமாக எழுத்துகளைப் படித்துச் செல்கிறது. பெயர், எண், மேற்கோளுக்குள் அடங்கிய சரம், செயற்குறி என்று உறுப்புகள் சில வகைப்படும். இயன்றவரை நீண்ட உறுப்பையே கொள்ளுதல் இங்கு விதி. எனவே <= என்பது இரு குறிகளாயினும் ஓர் உறுப்பே.  என்பதும் அவ்வாறே, அது இரு பெருக்கற்குறிகள் அன்று, அடுக்குக்குறி. எது உறுப்பு என்பதை அந்தந்த மொழியே முடிவு செய்கிறது. 5--3 என்று எழுதினால் பைத்தான் அதை 5, -, -, 3 என நான்காகப் பிரித்து 8 என்னும் விடையைத் தரும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலோ -- என்பது தனியொரு செயற்குறி; ஆதலின் அதே நான்கு எழுத்துகளை 5, --, 3 என மூன்றாகப் பிரித்து, பிழை என்று அது தள்ளிவிடும். பதம் பிரிப்பது மாறினால் பொருள் மாறுவது செய்யுளுக்கு மட்டும் உரியதன்று.

2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல், நிரலில் வரும் பெயர்களைத் தமிழ் முதலிய எழுத்துகளிலும் எழுத இடம் ஏற்பட்டது. மழை, மொத்தம் என்பன இன்று பைத்தானில் முறையான பெயர்களே. இதில் ஒரு நுட்பம் உண்டு. மொ என்னும் எழுத்திலுள்ள ஒகரக் குறியை யூனிகோட் முறையில் ஒரே குறியாகவும் பதியலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என்னும் இரு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு அவை வெவ்வேறு எண் வரிசைகள். பைத்தான் பெயர்களை ஒருமைப்படுத்திய பின்னரே ஒப்பிடுவதால், எவ்வகையில் எழுதினும் மொத்தம் ஒரே மொத்தமாக நிற்கிறது. மேற்கோளுக்குள் அமையும் சரங்களுக்கு இவ்வசதி இல்லை. ஊர்ப்பெயர்ப் பட்டியலில் உள்ள ஒரு பெயர் ஒரு முறையிலும், தேடுபவர் அடித்த பெயர் மற்றொரு முறையிலும் அமைந்துவிட்டால், இருக்கும் ஊரே இல்லை என்று விடை வரும்.

தமிழ் எண்களின் நிலை வேறு. ௧௨ என்று நிரலிலேயே எண்ணாக எழுதினால் அது பிழையாகும். ஆயினும் பயன்படுத்துவோர் உள்ளிட்ட ௧௨ என்னும் சரத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் 12 என்று சரியாகவே மாற்றித் தரும். பழைய வழக்கில் ௰௨ என எழுதினால் அதையும் ஏற்காது. ௰ என்பது இடமதிப்பு முறைக்குரிய இலக்கம் அன்று, பத்தைக் குறிக்கும் தனிக்குறி.

இனி, பைத்தானின் தனித்தன்மையாகிய உள்தள்ளலைக் காண்போம். பல மொழிகளில் ஒரு தொகுதியாக இயங்க வேண்டிய வரிகளை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் இடுவது வழக்கம். பைத்தானில் அக்குறிகள் இல்லை. வரியின் தொடக்கத்தில் விடப்படும் வெற்றிடமே தொகுதியைக் காட்டுகிறது. அதே நிலையத்தில் முன்னர் உருவாக்கப்பட்ட ஏபிசி என்னும் மொழியிலிருந்து இவ்வழக்கம் வந்தது. ஆகவே மற்றைய மொழிகள் பெரும்பாலும் ஒதுக்கித் தள்ளும் வெற்றிடத்தை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கென ஓர் அடுக்கு வைக்கப்படுகிறது. முதலில் அதில் 0 இருக்கும். புதிய வரியின் வெற்றிடம் அடுக்கின் மேலுள்ள எண்ணைவிட மிகுந்தால் அவ்வெண் மேலே ஏற்றப்பட்டு, ‘உள்ளே’ என்னும் உறுப்பு ஒன்று பிறக்கிறது. குறைந்தால், ஒத்த எண் கிடைக்கும் வரை மேலிருந்து எண்கள் நீக்கப்பட்டு, நீக்கப்படும் ஒவ்வோர் எண்ணுக்கும் ‘வெளியே’ என்னும் உறுப்பு ஒன்று பிறக்கிறது. ஒத்த எண் அகப்படாவிடின் பிழை. வெற்று வரிகளும் விளக்கக் குறிப்பு மட்டும் கொண்ட வரிகளும் கணக்கிற் சேரா.

முறை எளிதுதான். ஆயின் வெற்றிடத்தை இடைவெளி விசையாலும் அமைக்கலாம், டேப் விசையாலும் அமைக்கலாம். இரண்டாம் பதிப்பில் டேப் ஒன்று, எட்டின் மடங்கான அடுத்த இடம் வரை செல்வதாகக் கொள்ளப்பட்டது. எழுதுவோர் பயன்படுத்தும் திரையிலோ அது நான்கு இடமாகவும் காட்டப்படலாம். மூன்று நிலையங்களின் மழையளவைக் கூட்டி, நிலையம் ஒன்றுக்குச் சராசரி காணும் நிரல் ஒன்றைக் கொள்வோம். அதன் பெயர்களும் சிறப்புச் சொற்களும் இங்குத் தமிழெழுத்தில் தரப்படுகின்றன:

ஃபார் நிலையம் இன் நிலையங்கள்:
    ஃபார் மழை இன் நிலையம்:
        மொத்தம் = மொத்தம் + மழை
    எண்ணிக்கை = எண்ணிக்கை + 1

இரண்டாம் வரிக்கு முன் நான்கு இடைவெளிகளும், மூன்றாம் வரிக்கு முன் எட்டு இடைவெளிகளும் உள்ளன. கடைசி வரிக்கு முன்னுள்ளது ஒரே டேப். திரையில் அது நான்கு இடமாகத் தெரிவதால், நிலையம் ஒன்று முடிந்ததும் எண்ணிக்கை ஒன்று கூடும் என்றே வாசிப்பவர் கொள்வர். பைத்தான் அதனை எட்டாக எண்ணி, மூன்றாம் வரியோடு ஒரே தொகுதியில் வைத்தது. விளைவாக எண்ணிக்கை நிலையத்திற்கு ஒரு முறை கூடாமல் நாள்தோறும் கூடியது. ஒவ்வொரு நிலையத்திலும் 30 நாளில் 150 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தால் மொத்தம் 450. அதை மூன்றால் வகுத்து 150 என்னும் விடை வர வேண்டும். பொறி 90ஆல் வகுத்து 5 என்று தரும். பிழைச்செய்தி எதுவும் எழாது. விடையும் நம்பக்கூடாத எண் அன்று. நாளொன்றின் சராசரிக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. அட்டவணையில் ஏறிய பின் அதனை ஐயுறுவார் யாரும் இரார்.

மூன்றாம் பதிப்பு இதற்குக் கண்டுள்ள தீர்வு பாராட்டத் தக்கது. ஒவ்வொரு வரியின் வெற்றிடமும் இரு முறை அளக்கப்படுகிறது: டேப்பை எட்டின் மடங்காகக் கொண்டு ஒரு முறை, ஓரிடமாகக் கொண்டு மற்றொரு முறை. முன் வரிகளோடு ஒப்பிடும்போது இரு அளவைகளும் ஒரே முடிவைத் தராவிடின் நிரல் இயங்க மறுக்கும். மேற்கண்ட கடைசி வரி முதல் அளவையில் 8, இரண்டாவதில் 1. முன் வரியோ இரண்டிலும் 8. ஆகவே பிழை அங்கேயே பிடிபடுகிறது. எழுதியவர் கருத்து எதுவென ஊகிக்க முயலாமல், ஐயம் உண்டு என்று சொல்லி நிற்பதே இங்கு நேர்மையான வழி.

இவ்வாறு பெற்ற உறுப்புகள் இரண்டாம் கட்டத்திற்குச் செல்கின்றன. அங்குள்ள இலக்கணம் சூத்திர வடிவில் அமைந்தது. நிரல்மொழிகளின் இலக்கணத்தை எழுதுவதற்கு ஜான் பேக்கஸ் வகுத்த முறை, பாணினியின் வடமொழி இலக்கணச் சூத்திர முறையை ஒத்திருப்பதைச் சுட்டி, அதற்குப் பாணினி-பேக்கஸ் வடிவம் எனப் பெயரிடலாம் என்று 1967இல் பீட்டர் இங்கர்மன் ஓர் அமெரிக்கக் கணினியியல் இதழுக்கு எழுதினார்.

சூத்திரங்களைப் பின்பற்றி உறுப்புகள் ஒரு கிளைமரமாக அமைக்கப்படுகின்றன. 2 + 3 * 4 என்பதில் பெருக்கல் மரத்தின் கீழ்க்கிளையில் அமைவதால் முதலில் நடைபெற்று, 14 விடையாகிறது. -3  2 என்பது மாணவர் பலரை ஏமாற்றும். -3 என்பது ஓர் உறுப்பு அன்று. கழித்தற்குறி வேறு, எண் வேறு. அடுக்கு அக்குறியைவிட நெருங்கிப் பிணைவதால் விடை 9 அன்று, -9.

2019இல் வெளிவந்த 3.8ஆம் பதிப்பு வரை பைத்தானின் பகுப்பு முறை, அடுத்து நிற்கும் ஓர் உறுப்பை மட்டும் பார்த்து எச்சூத்திரத்தைக் கொள்வது என முடிவு செய்தது. இதனால் இலக்கணத்தை வளைத்து எழுத நேர்ந்தது. 3 = மழை போன்ற பொருந்தாத் தொடரும் சூத்திரத்தைக் கடந்து சென்று, பின்னொரு சோதனையில் தள்ளப்பட்டது. 2020 அக்டோபரில் வந்த 3.9ஆம் பதிப்பில் ரோசமும் வேறு இருவரும் முன்மொழிந்த புதிய பகுப்பான் இடம் பெற்றது. பிரையன் ஃபோர்டு 2004இல் விளக்கிய முறையைத் தழுவிய இது, ஒரு சூத்திரம் பொருந்தாவிடின் தொடங்கிய இடத்திற்குத் திரும்பி அடுத்த சூத்திரத்தை முயலும்; கண்ட முடிவுகளைக் குறித்து வைத்துக்கொள்வதால் ஒரே வேலையை மீண்டும் மீண்டும் செய்வதில்லை. இடத்திற்கேற்பச் சிறப்புச் சொல்லாகவோ வெறும் பெயராகவோ வழங்கும் ‘மேட்ச்’ என்னும் சொல் 2021இல் மொழியிற் சேர்ந்தபோது, இம்முறை பெரிதும் துணை செய்தது.

அடைப்புக்குறிக்குள் வரிமுறிவும் உள்தள்ளலும் பொருட்படுத்தப்படுவதில்லை என்பது இன்னும் சொல்லப்படவில்லை. நீண்ட பட்டியல்களைப் பல வரிகளில் எழுத இது வசதியே. ஆயினும் மூடுகுறி ஒன்று விடுபட்டால், பின்வரும் வரிகளும் உள்ளே இழுக்கப்பட்டு, பிழை குற்றமற்ற வேறொரு வரியின் மேல் சுமத்தப்படும். புதிதாகக் கற்போர் அந்த வரியையே திரும்பத் திரும்பப் பார்த்து மயங்குவர். 2021 அக்டோபரில் வந்த 3.10ஆம் பதிப்பு முதல், திறந்தும் மூடப்படாத குறியின் இடத்தையே பைத்தான் சுட்டிக் காட்டுகிறது.