கியர் ஆயில்: வழுக்கினா மட்டும் போதுமா?



போன தாளில் மழைநீர் சேகரிப்பு பற்றிப் படித்தீர்கள். இந்தத் தாளில் ஸ்போர்ட்ஸ் கார் கியர் பெட்டிக்கு ஆயில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதப் போகிறேன். "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று கேட்காதீர்கள். முழுசாப் படிங்க, காரணம் தெரியும்.

எங்கள் சித்தப்பா டவுனில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிறார். ஐந்தாவது வரைதான் படித்தவர். கை வேலையில் கெட்டிக்காரர். ஒரு நாள் இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கியர் ஆயில் மாற்ற வந்தது. கடையில் இருந்த டப்பாவில் 140 என்று போட்டிருந்தது. "நம்பர் பெருசு, கெட்டியான ஆயில், பல்லுக்கு நல்லது" என்று நினைத்து அதையே ஊற்றிவிட்டார். சில வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. இரண்டாவது கியர் போட்டால் "கர்ர்ர்" என்று சத்தம். பிரித்துப் பார்த்தால் உள்ளே பித்தளை வளையம் தேய்ந்து போயிருந்தது. சித்தப்பாவுக்கு இரண்டு மாசச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் வீட்டுக்கு வந்து, "பாப்பா, டப்பாவுல இங்கிலீசுல என்னென்னமோ போட்டிருக்கான். எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். நீ படிச்சுச் சொல்லு" என்றார். எனக்கும் புரியவில்லை. நம் அறிவியல் டீச்சரிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

1. கியர் பெட்டிக்குள் என்ன நடக்குது?

கியர் பெட்டியில் பல் சக்கரங்கள் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வேகம். வேகம் வேறாக இருக்கும்போது இரண்டை இணைத்தால் பல் மோதும். அதுதான் அந்த "கர்ர்ர்" சத்தம்.

ஓடுகிற பஸ்ஸில் ஒருவர் ஏறுவதை நினைத்துப் பாருங்கள் (நீங்கள் ஏறாதீர்கள்!). முதலில் பஸ்ஸோடு சேர்ந்து ஓடுவார். வேகம் சமமானதும் கம்பியைப் பிடித்து ஏறுவார். கியர் பெட்டியில் இந்த ஓடுகிற வேலையைச் செய்வது சிங்க்ரோ ரிங் என்ற வளையம். பல வண்டிகளில் இது பித்தளையில் இருக்கும். இது பல் சக்கரத்தின் கூம்பு மேல் உரசி, இரண்டு வேகத்தையும் சமமாக்கும். அப்புறம்தான் கியர் விழும்.

இப்போ யோசிங்க. பஸ்ஸோடு ஓடுபவர் காலடியில் பாசி இருந்தால் என்ன ஆகும்? வழுக்கும், வேகம் எடுக்க முடியாது. அதே மாதிரி ஆயில் ரொம்ப வழுக்கினாலும், ரொம்பக் கெட்டியா இருந்தாலும் வளையத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. "உராய்வு ஒரு தேவையான தீமை" என்று பாடத்தில் படித்தோமே, அதுதான் இது. பல்லுக்கு உராய்வு கூடாது. வளையத்துக்கு உராய்வு வேணும். இரண்டும் ஒரே ஆயிலில் நனைகின்றன. அதனால்தான் தேர்ந்தெடுப்பது கஷ்டம்.

2. 75டபிள்யூ-90 என்றால் என்ன?

மார்கழி காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடக்கும். சித்திரையில் தண்ணீர் மாதிரி ஓடும். ஆயிலும் குளிரில் கெட்டியாகும், சூட்டில் இளகும். இந்தக் குணத்துக்குப் பெயர் பாகுநிலை. டப்பாவில் இருக்கும் எண்கள் இதைத்தான் சொல்கின்றன. எஸ்ஏஇ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த அளவு இது.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரிலும் நன்றாக ஓடும். 75டபிள்யூ ஆயிலை மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலும், 80டபிள்யூ ஆயிலை மைனஸ் 26 டிகிரியிலும், 85டபிள்யூ ஆயிலை மைனஸ் 12 டிகிரியிலும் சோதிப்பார்கள். கோட்டுக்குப் பின்னால் உள்ள 90, 140 என்பவை 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. இன்ஜின் ஆயிலில் 40 என்று இருக்கும், கியர் ஆயிலில் 90 என்று இருக்கும். உடனே கியர் ஆயில் இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்போம். அது தப்பு! இரண்டும் வேறு வேறு அளவுகோல். சூட்டில் 90 கியர் ஆயிலும் 40 இன்ஜின் ஆயிலும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான். படியையும் லிட்டரையும் ஒப்பிடுகிற மாதிரி ஆகிவிடும்.

3. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ன வித்தியாசம்?

ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் வைத்த தரம் இது. பின் சக்கரம் இழுக்கும் வண்டியில் பின் அச்சில் "கிரௌன்" இருக்கும். அங்கே பல்லும் பல்லும் பயங்கர அழுத்தத்தில் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். சாதாரண ஆயில் நசுங்கி விலகிவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தை ஆயிலில் சேர்ப்பார்கள். அது சூடான இரும்பு மேல் மெல்லிய படலமாகப் படிந்து பல்லைக் காப்பாற்றும். ஜிஎல்-5ல் இந்த மருந்து அதிகம். ஜிஎல்-4ல் அதில் சுமார் பாதிதான்.

ஆனால் பித்தளைக்கும் கந்தகத்துக்கும் ஒத்துக்காது. முட்டை பட்டால் வெள்ளிக் கொலுசு கறுக்கும்ல? அதற்குக் காரணம் முட்டையில் உள்ள கந்தகம். பித்தளையில் உள்ள செம்பையும் கந்தகம் சும்மா விடாது. சூட்டில் அரித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். எல்லா ஜிஎல்-5 ஆயிலும் விஷம் என்று சொல்ல முடியாது. பித்தளையைக் கெடுக்காதபடி தயாரித்தவையும் உண்டு. ஆனால் டப்பாவில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். வண்டிப் புத்தகமும் அதை அனுமதிக்க வேண்டும்.

4. மூன்று கார்கள், மூன்று ஆயில்

மாஸ்டா எம்எக்ஸ்-5: 1989ல் வந்த ஜப்பான் கார். இரண்டு இருக்கை. உலகத்தில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் இடம் பிடித்தது. 2016ல் பத்து லட்சமாவது கார் தயாரானது. முதல் தலைமுறையின் 5 கியர் பெட்டிக்கு 75டபிள்யூ-90, சுமார் 2 லிட்டர். ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் கம்பெனிப் புத்தகம் அனுமதிக்கிறது.

ஹோண்டா எஸ்2000: 1999 முதல் 2009 வரை தயாரித்த கார். 6 கியர். இதற்கு ஹோண்டாவின் சொந்த கியர் ஆயில்தான். அது கிடைக்காவிட்டால் தற்காலிகமாக 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் ஊற்றலாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

ஃபோர்டு மஸ்டாங் 5.0: 1980களின் பிற்பகுதியில் வந்த அமெரிக்கக் கார். கையால் கியர் போடும் பெட்டிதான். ஆனால் அதற்கு ஆட்டோமேட்டிக் கியருக்கு உரிய சிவப்பு நிற இளகிய ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். அதன் சிங்க்ரோ ரிங்கில் நார்ப் பொருள் ஒட்டியிருப்பதால் கெட்டி ஆயில் ஆகாது.

பார்த்தீங்களா? மூன்றுமே ஸ்போர்ட்ஸ் கார், மூன்றுமே கை கியர். ஆயில் மட்டும் வேறு வேறு. "இது ரொம்ப விலை, இதுதான் நல்லது" என்று பொதுவாகச் சொல்லவே முடியாது.

5. தேர்ந்தெடுக்கும் முறை

அ) முதலில் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.
ஆ) ஜிஎல் எண், கெட்டி எண், எத்தனை லிட்டர் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.
இ) கியர் பெட்டிக்கும் கிரௌனுக்கும் ஒரே டப்பா என்று நினைக்கக் கூடாது.
ஈ) வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முதலில் ஆயில் ஊற்றும் மேல் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கீழ் போல்ட். ஆயிலை வடித்த பிறகு மேல் போல்ட் கழறாவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்!
உ) பழைய ஆயிலைக் கவனிக்க வேண்டும். காந்தத்தில் சாம்பல் நிற மை மாதிரி இருந்தால் பயமில்லை. பொன் நிறத் துகள் மின்னினால் பித்தளை வளையம் தேய்கிறது என்று அர்த்தம்.
ஊ) பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரமோ ஊற்றக் கூடாது. டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும்.

முடிவாக ஒரு விஷயம். சித்தப்பா ரிப்பேர் பார்த்த அந்தக் காரின் புத்தகம் எங்கே இருந்தது தெரியுமா? அந்தக் காரின் முன்பக்கப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் யாரும் திறக்கவில்லை. கடையில் படித்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் திறக்கவில்லை. சம்பளம் போனது சித்தப்பாவுக்கு மட்டும்.

இப்போது அவருக்கு ஒரு 40 பக்க நோட்டில் இதையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜிஎல் என்ற இரண்டு ஆங்கில எழுத்தையும் கோலம் மாதிரி பெரிதாக வரைந்திருக்கிறேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டப்பாவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்கிறார். போன ஞாயிறு வந்தபோது, "பாப்பா, இப்ப கடையில எங்கிட்டதான் டப்பாவைக் காட்டிக் கேக்குறாங்க" என்றார்.

உங்கள் வீட்டிலும் மருந்து பாட்டில், பூச்சிமருந்து டப்பா, உர மூட்டை என்று ஏதாவது இருக்கும். படிக்கத் தெரிந்த நாம் ஒரு முறை எடுத்துப் படித்துச் சொல்லலாமே!

உங்களுக்குச் சில கேள்விகள்:
1. கந்தக மருந்து அதிகம் உள்ளது ஜிஎல்-4லா, ஜிஎல்-5லா?
2. குளிரில் நன்றாக ஓடுவது 75டபிள்யூவா, 85டபிள்யூவா?
3. எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும்?

(விடைகள்: 1. ஜிஎல்-5, 2. 75டபிள்யூ, 3. மேல் போல்ட்)



ஒன்பதாம் வகுப்பு மாணவி