மூடுபனியை நம்பி முகத்தில் ஆசிட் பூசாதீர்கள்

நான் அளந்த அளவு தப்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பூம்பாறையில் இன்றைக்கும் என் பேச்சு வந்தால், "பாட்டில்ல இருந்தத அப்படியே மூஞ்சியில ஊத்திக்கிட்டா" என்றுதான் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் பூண்டுக்கும் கேரட்டுக்கும் டேங்கில் மருந்து கலக்குவது நான்தான். பத்து லிட்டருக்கு எத்தனை மில்லி என்பதில் என் கை பிசகியதே இல்லை. முகத்துக்குப் போட்ட ஆசிட்டையும் அதே கவனத்தோடுதான் கலந்தேன். ஆனால் அந்த பாட்டிலில் எழுதாமல் விட்ட விஷயங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, புளிப்பின் அளவைச் சொல்லும் பி.எச். இன்னொன்று, எங்கள் மலை வெயில். அந்த இரண்டாவதுதான் என் முகத்தை அதிகம் பாழாக்கியது.

எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்தது, பிறகு போகவே இல்லை. மங்கு உள்ளவர்களுக்குத் தெரியும், எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் பேச்சு அங்கேதான் தொடங்கும். "ஏன் மதினி, உடம்புக்கு ஏதும் சரியில்லையா? முகமெல்லாம் கறுத்துப்போச்சே" என்பார்கள். அப்படிக் கேட்டவர்களேதான் பிற்பாடு, "அழகுக்கு ஆசைப்பட்டு அனுபவிக்கிறா" என்றும் சொன்னார்கள். தன் முகத்தில் இருப்பதைச் சரிசெய்ய ஒருத்தி நினைத்ததில் எந்தத் தப்பும் இல்லை. தோல் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து கொடைக்கானலே 18 கிலோமீட்டர். அதற்கப்புறம் வத்தலக்குண்டு இறங்கி, திண்டுக்கல்லோ மதுரையோ போக வேண்டும். ஒரு நாள் வேலை போகும், பஸ் காசு போகும், ஒரு தடவையோடும் முடியாது. உங்களுக்கும் இதே நிலைமைதான். அதனால்தான் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறோம்.

பாட்டிலை வாங்கி வந்து கொடுத்தவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. கீழே டவுனில் பார்லர் வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் வாங்கியது. பெரிய கேனிலிருந்து பழுப்புக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி ஊற்றியிருந்தார்கள். மேலே மார்க்கர் பேனாவில் 'கிளைகோலிக் 70' என்று மட்டும் இருந்தது. கம்பெனி பேர் இல்லை, தேதி இல்லை, ஒரு வரி எச்சரிக்கை இல்லை. போனில் கேட்டேன். "ஒரு பங்குக்கு ஒம்பது பங்கு தண்ணி ஊத்துங்கக்கா, ஏழு பர்சன்ட் ஆயிரும். கடையில விக்கிற சீரத்துலயே பத்து இருக்கு" என்றாள்.

கணக்கு சரி. ஆனால் அது பாதிக் கணக்கு. கிளைகோலிக் ஆசிட்டின் மூலக்கூறு மிகச் சின்னது, தோலுக்குள் சட்டென்று இறங்கிவிடும். எவ்வளவு கடுமையாக வேலை செய்யும் என்பதைச் சதவீதத்தோடு சேர்ந்து அதன் பி.எச்.சும் தீர்மானிக்கிறது. 70 சதவீதக் கரைசலின் பி.எச். 1-க்கும் கீழே. அதில் தண்ணீர் சேர்த்து 7 சதவீதமாக்கினாலும் பி.எச். 2-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். கடையில் விற்கும் நல்ல சீரத்தில் காரம் சேர்த்து பி.எச்.சை 3.5-க்கு மேலே கொண்டுவந்திருப்பார்கள். பி.எச். கணக்கில் ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடும். ஆக, சதவீதம் குறைவாக இருந்தும் நான் போட்டது கடைச் சரக்கைவிடப் பல மடங்கு புளிப்பானது. நம் தோட்டத்து மண் புளிப்பு மண். மண்வள அட்டையில் பி.எச். என்ன என்று பார்த்துத்தான் சுண்ணாம்பு போடுகிறோம். மண்ணுக்குப் பார்க்கிற எண்ணை முகத்துக்கும் பார்க்கச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

மற்றதெல்லாம் எல்லோரும் சொல்வதுபோல் செய்தேன். காதோரம் தடவிப் பார்த்தேன், கண்ணோரத்திலும் உதட்டோரத்திலும் வாசலின் வைத்தேன், ராத்திரியில் போட்டேன், நேரம் பார்த்துக் கழுவினேன். சுருசுருவென்று எரிந்தது. காலையில் இரண்டு கன்னமும் சிவந்து, தோலை இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. அதோடு நின்றிருந்தால் நான் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அன்றைக்குப் பூண்டு பிடுங்கும் நாள். ஆள் சொல்லியாகிவிட்டது, மாமியார் விடியும் முன்னே கதவைத் தட்டிவிட்டார். இப்படிப்பட்ட நாளில் முகம் எரிகிறது என்று வீட்டில் உட்கார நம்மால் முடியுமா? வெளியே ஒரே மூடுபனி. படிக்கட்டு வயலில் பத்தடி தள்ளிக் குனிந்திருந்த ஆள்கூட நிழலாகத்தான் தெரிந்தார். கன்னத்தில் துணி உரசினால் எரிகிறதே என்று முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். குளிர்காற்று முகத்தில் பட்டது இதமாக இருந்தது. மத்தியானம் கடந்தும் அங்கேயே குனிந்து பூண்டைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை உதறி, தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். வெயில் என்று ஒன்று அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை.

சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்தபோது கன்னம் கொதித்தது. மறுநாள் கன்ன எலும்பின் மேல், எங்கெங்கே மங்கு இருந்ததோ சரியாக அங்கங்கே, சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். அவை வற்றிப் பொருக்கு உதிர்ந்த பிறகு வந்த கறுப்பு, பழைய மங்குபோல் இல்லை. மங்கு பழுப்பாக, ஓரம் கலைந்து இருக்கும். இது சாம்பல் கலந்த கறுப்பாக, ஓரம் வெட்டியெடுத்ததுபோல் இருந்தது. அது மங்குவதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இடது கன்னத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். 1899-ல் சூரியனை ஆராய்வதற்கென்றே கொடைக்கானலில் வானாய்வகம் அமைத்தார்கள். உயரமான இடம், தூசியில்லாத காற்று, சூரியன் தெளிவாகத் தெரியும் என்பதுதான் காரணம். அதே உயரமும் அதே காற்றும்தான் புற ஊதாக் கதிரையும் தடையில்லாமல் நம் முகத்துக்குக் கொண்டுவருகின்றன. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பூம்பாறை 1,900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கீழே பெரியகுளத்தில் வேர்க்கும், சுடும், ஆள் தானாகவே நிழலுக்கு ஓடுவார். இங்கே குளிரும். கூடுதல் கதிரில் நிற்கிறோம் என்று உடம்பு சொல்லவே சொல்லாது. மெல்லிய மேகமோ புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை கீழே விட்டுவிடும். வெளிச்சம் மங்கலாக இருப்பதை வைத்துக் கதிரும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

ஆசிட் போட்ட தோல் மேல்தோலின் ஒரு படலத்தை இழந்த தோல், அதில் வெயில் சீக்கிரம் ஏறும். அதனால்தான் இந்த வகை ஆசிட் கலந்த பொருள்களைப் பயன்படுத்தும் நாளிலும், நிறுத்திய பிறகு ஒரு வாரத்துக்கும் வெயிலிலிருந்து முகத்தைக் காக்க வேண்டும் என்று டப்பாவில் அச்சிடச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். நம் மாநிறத் தோலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. புண்பட்டால் நிறமிச் செல்கள் தேவைக்கு மேல் நிறத்தைக் கொட்டிவிடும். வெள்ளைத் தோலில் சிவந்து ஆறுவது நம் தோலில் கறுத்து நிற்கிறது.

இனி, செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. "செய்யவே செய்யாதே" என்று சொல்லிவிட்டுப் போவது டவுனில் இருப்பவர்களுக்குச் சுலபம். நான் எல்லையைச் சொல்கிறேன்.

வீட்டுக்கான எல்லை 10 சதவீதம், பி.எச். 3.5-க்குக் குறையாமல். அமெரிக்காவில் ஒப்பனைப் பொருள்களை ஆராயும் நிபுணர் குழு 1998-ல் கிளைகோலிக், லாக்டிக் ஆசிட்களுக்குச் சொன்ன வரம்பு அது. வெயில் பாதுகாப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். சாலிசிலிக் என்றால் 2 சதவீதம். இதற்கு மேலே உள்ளது டாக்டர் கையில் இருக்க வேண்டிய பொருள். தோலை உரித்தெடுக்கிற, அதாவது பீல் செய்யும் கடும் ஆசிட்களை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வாங்கவோ போடவோ வேண்டாம் என்று 2024-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தனியாகவே எச்சரித்தது. டி.சி.ஏ. என்ற ஆசிட்டை யாராவது நீட்டினால் கையில்கூட வாங்காதீர்கள். அது தோலின் புரதத்தையே உறைய வைத்துவிடும், பிறகு கழுவினாலும் திரும்பாது.

கடும் ஆசிட்டை வாங்கித் தண்ணீர் ஊற்றிக் கலக்காதீர்கள். கை எவ்வளவு பிசகாத கையாக இருந்தாலும் பி.எச். சரியாகாது. சீல் உடைக்காத, சதவீதமும் தேதியும் அச்சிட்ட பொருளை பில்லோடு வாங்குங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருகிறவர்கள், காயம் பட்டால் தழும்பு தடித்து எழும்புகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பிளீச்சோ திரெடிங்கோ செய்த கையோடும் போடக் கூடாது.

எரிச்சல் அதிகமானால் உடனே குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, இருபது நிமிஷமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் அதேபோல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் கூப்பிடுங்கள். சோடா உப்புத் தூளை எடுத்துத் தேய்க்காதீர்கள். டாக்டர்கள் கரைசலாக, அளவாகத் தணிப்பார்கள். தூளைத் தேய்த்தால் வெந்த தோல் கிழியும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

முக்கியமாக, வேலை இல்லாத வாரமாகப் பாருங்கள். நடவு, களை, அறுவடை எதுவும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு வாரம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் உங்களுக்கு பீல் வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

பூண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கெமிக்கல் போட்டா இப்படித்தான். நம்ம மலைப்பூண்ட அரைச்சுத் தடவியிருந்தா போயிருக்கும்" என்று சொன்ன பெரியவர்கள் பலர். புவிசார் குறியீடு வாங்கிப் பெயர் பெற்ற பூண்டு அது, எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் பச்சைப் பூண்டை நசுக்கும்போதுதான் அல்லிசின் என்ற எரிச்சலூட்டும் பொருள் உண்டாகிறது. நசுக்கிய பூண்டைத் தோலில் வைத்துக் கட்டித் தீக்காயம்போல் வெந்துபோனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையவே பதிவாகியிருக்கிறது. நாள் முழுக்கப் பூண்டு உரித்த பெண்களின் விரல் நுனியைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள். எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். அதன் பி.எச். 2-ஐ ஒட்டியது, நான் கலந்த ஆசிட்டுக்குச் சமம். அதோடு, எலுமிச்சையில் இருக்கும் சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைக் கருக்கிவிடும். தோட்டத்தில் விளைந்தது என்பதால் ஆசிட் ஆசிட் இல்லாமல் போய்விடாது.

கறுப்பு வந்த பிறகு ஒரு மெடிக்கலில் கேட்டேன். சீட்டு கேட்காமல் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார்கள். போட்ட கொஞ்ச நாளில் முகம் பளிச்சென்று ஆனது, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகச் சிவந்து எரிந்தது. அதில் ஸ்டீராய்டு இருந்தது. இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கிவிட்டது. அந்த விதி இன்னும் எங்கள் மலை ஏறி வரவில்லை. நீங்களாவது டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். மருந்தின் பேர் 'சோன்' என்று முடிந்தால் கேள்வி கேளுங்கள்.

கடைசியில் மதுரையில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். "மங்குக்கு முதல் மருந்து சன்ஸ்க்ரீன். அது இல்லாமல் நானே பீல் செய்தாலும் திரும்ப வரும்" என்றார். எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், நிறம் கலந்ததாக, அதாவது இரும்பு ஆக்சைடு சேர்ந்ததாக வாங்கச் சொன்னார். வெறும் வெளிச்சமே மங்கைக் கூட்டும், அதை இந்த நிறம்தான் தடுக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மூடுபனியிலும் போடுகிறேன், மழை நாளிலும் போடுகிறேன். அகலக் கரை வைத்த தொப்பியும் வாங்கிவிட்டேன். வயலில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது அதே தொப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அரசின் இ-சஞ்சீவனி சேவையில் போனிலேயே டாக்டரிடம் பேசலாம், காசு கிடையாது. பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் பேசுங்கள்.

பாட்டிலில் மாற்றி ஊற்றி விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடும் விஷமான பூச்சி மருந்து டப்பாவில்கூட மண்டை ஓடும் தமிழில் எச்சரிக்கையும் போட்டு விற்கிறார்கள். பெண்களின் முகத்துக்கு விற்கிற ஆசிட்டில் ஒரு வரி எழுத முடியாதா? சதவீதம், பி.எச்., "ஒரு வாரம் வெயில் ஆகாது", இந்த மூன்றும் அந்த பாட்டிலில் தமிழில் இருந்திருந்தால் அன்றைக்கு நான் முக்காட்டை எடுத்திருக்க மாட்டேன். இவை எழுதாத பாட்டிலை இனி யார் நீட்டினாலும், சொந்தக்காரி நீட்டினாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.