மார்கழி வைகறையும் துயிலெழுப்பும் அன்பும்

ஆண்டின் பன்னிரு மாதங்களுள் கோயிலும் வீடும் வயலும் ஒருங்கே பொலிவு பெறும் மாதம் மார்கழியாகும். சிலர் இதனைப் ‘பீடை மாதம்’ என்று கூறி ஒதுக்குவர். பீடு உடைய மாதம், அதாவது பெருமை உடைய மாதம் என்பதே பேச்சு வழக்கில் அவ்வாறு திரிந்தது எனச் சைவப் பெரியோர் விளக்குவர். திருமணம் முதலிய மங்கல காரியங்களை இம்மாதத்தில் தவிர்ப்பதும் இது தீய மாதம் என்பதனாலன்று. மனமும் பொழுதும் சிதறாமல் இறை வழிபாட்டுக்கென்றே இருத்தல் வேண்டும் என்பதற்காகவே முன்னோர் இவ்வாறு வகுத்தனர்.

மானிடரின் ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது சமய நூல்களின் கணக்கு. தை முதல் ஆனி வரையான ஆறு மாதங்கள் அவர்களுக்குப் பகல். ஆடி முதல் மார்கழி வரையான ஆறு மாதங்கள் இரவு. இவ்வாறு கணக்கிட்டால் ஒரு மாதம் இரண்டு மணித்தியாலமாகும். இரவின் இறுதி மாதமான மார்கழி அதிகாலை 4 மணி முதல் 6 மணி வரையான வைகறைப் பொழுதாக அமைகின்றது. மார்கழி முழுவதுமே ஒரு நீண்ட விடியற்காலை என்று கொள்ளலாம். விடியற்காலையில் செய்ய வேண்டிய முதற் காரியம் துயில் எழுதல். தான் எழுந்தால் மட்டும் போதாது, பிறரையும் எழுப்ப வேண்டும் என்பதே இம்மாதம் கற்பிக்கும் பாடமாகும்.

முன்பனிக் காலத்தின் எழில்

பண்டைத் தமிழர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்த மழையினால் குளங்கள் நிரம்பியிருக்க, காலபோக நெல் வயல்கள் பச்சைப் பட்டு விரித்தாற்போலக் காட்சி தருவது இக்காலத்திலேயாகும்.

மழை விட்ட இரவுகளில் வானம் தெளிந்திருப்பதனால், நிலம் பகலிற் பெற்ற வெப்பத்தை விரைவாக இழந்து குளிர்கின்றது. குளிர்ந்த நிலத்தை அடுத்துள்ள காற்றின் நீராவி, புல்லின் நுனியிலும் நெல்லின் தாளிலும் பனித்துளியாகப் படிகின்றது. மலையகத்தின் நுவரெலியாப் பகுதியில் தை, மாசி மாதங்களில் சில வேளைகளில் இப்பனி உறைந்து, புல்வெளியிலும் தேயிலைக் கொழுந்திலும் வெண்மையாகப் படிந்து விடுவதும் உண்டு. அத்தகைய கடுங் குளிரிலும் தோட்டத்து மக்கள் அதிகாலையில் எழுந்து, லயங்கள் தோறும் மார்கழிப் பஜனை பாடி வரும் வழக்கத்தைப் பேணி வந்துள்ளனர்.

பனிக்காலத்தில் இந்நாட்டுக்கு விருந்தினரும் வருகின்றனர். மன்னார், யாழ்ப்பாணக் கடனீரேரிகளில் பூநாரைகளும் வாத்தினங்களும் கூட்டங் கூட்டமாக இறங்குகின்றன. மன்னாரின் வங்காலை சரணாலயம் 2010 ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டதற்கு இப்பறவைகளும் ஒரு காரணமாகும். இமயமலை அடிவாரக் காடுகளிலிருந்து ஆறுமணிக் குருவி என்னும் சிறு பறவையும் பறந்து வருகின்றது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதனால் மக்கள் அதற்கு இப்பெயரை இட்டனர். எவரும் சொல்லிக் கொடுக்காமலே நேரந் தவறாது எழுப்புகின்ற அப்பறவையும் மார்கழித் தொண்டு செய்கின்றது போலும்.

இக்காலத்து இரவு வானமும் பார்க்கத் தகுந்தது. மாலையில் கிழக்கு வானில் சிவந்த ஒளியுடன் எழும் நட்சத்திரமே திருவாதிரை. மார்கழியில் சூரியன் தனு இராசியில் நிற்கின்றான். முழுமதி சூரியனுக்கு நேர் எதிரே நிற்க வேண்டுமாகையால் அது மிதுன இராசியில் வருகின்றது. திருவாதிரை அம்மிதுனத்தில் அமைந்த நட்சத்திரமாகும். ஆதலால் மார்கழி முழுமதியும் திருவாதிரையும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ அமைகின்றன. ஆடல்வல்லானுக்குரிய ஆருத்திரா தரிசனம் இந்நாளிலேயே நிகழ்கின்றது. சிதம்பரத்தைப் போலவே காரைநகர் ஈழத்துச் சிதம்பரத்திலும் இவ்விழா சிறப்பாக நடைபெற்று வருகின்றது.

பிள்ளையார் கதையும் திருவெம்பாவையும்

கார்த்திகை முழுமதிக்கு மறுநாள் தொடங்கும் விநாயக விரதம் 21 நாட்கள் நீடிக்கும். தேய்பிறையின் பதினைந்து திதிகளும் வளர்பிறையின் ஆறு திதிகளும் சேர்ந்தே இந்த எண்ணிக்கை வருகின்றது. இருபத்தோர் இழைகளால் ஆன காப்பினை ஆண்கள் வலக்கையிலும் பெண்கள் இடக்கையிலும் அணிந்து, சுன்னாகம் வரத பண்டிதர் இயற்றிய பிள்ளையார் கதையைக் கோயிலிற் கூடியிருந்து கேட்பர். ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் இம்முறையினால், எழுத்தறியாத மூதாட்டிகளும் கதை முழுவதையும் மனத்திற் கொண்டிருந்தனர்.

விநாயக விரதம் நிறைவெய்தும் நாளையொட்டித் திருவெம்பாவைப் பூசை தொடங்குகின்றது. திருவாதிரை ஈறாகப் பத்து நாட்கள் இப்பூசை நிகழும். மாணிக்கவாசக சுவாமிகள் திருவண்ணாமலையில் அருளிய திருவெம்பாவை 20 பாடல்களைக் கொண்டது. திருப்பெருந்துறையில் அருளிய திருப்பள்ளியெழுச்சி 10 பாடல்களைக் கொண்டது. இரண்டும் எட்டாந் திருமுறையாகிய திருவாசகத்துள் அடங்குவன.

திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாடல்களும் தோழியர் ஒருவரையொருவர் துயிலெழுப்பும் பாடல்கள். நீராடச் செல்லும் கன்னியர் வீடு வீடாகச் சென்று, உறங்கும் தோழியைக் கேலி செய்தும் கடிந்தும் கெஞ்சியும் எழுப்புகின்றனர். நான்காம் பாடலில் ஓர் இனிய காட்சி உண்டு. படுக்கையிற் கிடப்பவள், எல்லோரும் வந்து விட்டார்களா என்று உள்ளிருந்தே கேட்கின்றாள். வெளியில் நிற்பவர்களோ, நீயே எழுந்து வந்து எண்ணிப் பார், எண்ணிக்கை குறைந்தால் திரும்பிப் போய்ப் படுத்துக் கொள் என்கின்றனர். அவள் எழுந்து வந்தால் எண்ணிக்கை எப்படிக் குறையும்? வராமல் இருந்தால் அல்லவா குறையும்!

இக்காட்சி வெறும் விளையாட்டன்று. முந்தி எழுந்தவர்கள் தாங்கள் மட்டும் நீராடி இறைவனைப் பாடி முடித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், உறங்கும் ஒருத்திக்காகக் கூதலில் நடுங்கியபடி வாயிலில் காத்து நிற்கின்றனர். ஒருவர் குறைந்தாலும் வழிபாடு நிறைவடையாது என்பதே அவர்களின் எண்ணம். பின்வரும் பாடல்களில் தம் பொருட்டு மட்டுமன்றி நாட்டு மழைக்காகவும் வேண்டுகின்றனர்.

வீட்டில் விளங்கும் அன்பு

மார்கழியில் வீட்டின் முதல் விளக்கு பெரும்பாலும் தாயின் கையாலேயே ஏற்றப்படுகின்றது. முற்றம் கூட்டிச் சாணந் தெளித்துக் கோலமிட்டு, சில வீடுகளில் சாணத்திற் பிள்ளையார் பிடித்து அறுகம்புல்லும் பூசணிப் பூவும் சூட்டி, அதன் பின்னரே பிள்ளைகளை எழுப்புவாள். குளிருக்கு அஞ்சிப் போர்வைக்குள் ஒளியும் பிள்ளைக்குக் கிணற்றுத் தண்ணீர் சுடும் என்று சொல்லி அழைத்துச் செல்வாள். அவள் சொல்வது பொய்யன்று. நிலத்தடி நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. வெளிக்காற்றுக் குளிர்வதனால் வைகறையில் கிணற்று நீர் இளஞ்சூடாகத் தோன்றுகின்றது. குளித்து முடித்ததும் கையில் ஒரு குவளை மல்லிக் கோப்பி. நெற்றியில் திருநீறு பூசித் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இருளில் கோயிலுக்கு நடந்த அந்த நடையே, பலருக்கு வாழ்நாள் முழுவதற்குமான சமய பாடமாக அமைந்தது.

அதற்கும் முன்னதாகவே ஊர் இளைஞர்களும் சிறுவர்களும் சங்கு ஊதி, சேமக்கலம் அடித்து, திருவெம்பாவை பாடி வீதி வலம் வருவர். ஒவ்வொரு படலையாகத் தாண்டும்போது உள்ளே விளக்கு எரிகின்றதா என்று பார்ப்பர். சங்கொலி கேட்டும் விளக்கு எரியாத வீட்டில் என்ன குறையோ என்று நின்று குரல் கொடுப்பர். நோயுற்றவரும் தனித்திருப்பவரும் இவ்வாறு ஊரின் கண்ணிற் பட்டனர். சங்கு வழிபாட்டுக்கான அழைப்பாகவும் ஊரவரின் நலம் விசாரிக்கும் குரலாகவும் இருந்தது.

இடர்க் காலத்து மார்கழி

இவ்வழக்கத்தைக் காப்பது எக்காலத்திலும் எளிதாக இருந்ததில்லை. போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிது. ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரிலே திருவாசகம் படித்தனர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு மார்கழியைத் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழல்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் கழித்தவர்கள் பலர். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி, மார்கழி முழுமதி நாளின் காலையில், கடற்கோள் வடக்கு, கிழக்கு, தெற்குக் கரைகளைத் தாக்கி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. கரையோர ஊர்களில் மார்கழி விளக்கு அன்று முதல் மறைந்தவர்களுக்கான விளக்காகவும் எரிகின்றது.

இத்தனை இடர்களையும் தாங்கி நின்ற வழக்கம், இன்று அமைதியான காலத்தில் தளர்ந்து வருகின்றது. பல ஊர்களில் சங்கு ஊத ஆளில்லை. ஒலிபெருக்கியே திருவெம்பாவை பாடுகின்றது. ஒலிபெருக்கிக்குக் குரல் உண்டு, கண் இல்லை. எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்பது அதற்குத் தெரியாது. பிள்ளைகள் வெளிநாடு சென்று விட, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியோர் இன்று எல்லா ஊர்களிலும் உள்ளனர். ‘தைப்பனி தரையைத் துளைக்கும்’ என்பது பழமொழி. தனிமையில் இருப்பவர்களுக்கு அப்பனி நெஞ்சையும் துளைக்கும்.

கடல் கடந்து சென்ற பிள்ளைகளின் குளிரோ வேறு. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் ஏறத்தாழ பதினொன்றரை மணித்தியாலம் நீடிக்கும். ரொறன்ரோவில் அது ஏறத்தாழ 9 மணித்தியாலம். இலண்டனில் 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. இருளிலே வேலைக்குப் போய் இருளிலே வீடு திரும்பும் அந்நாட்களிலும், உறைபனியில் நடந்து சென்று அங்குள்ள கோயில்களில் திருவெம்பாவை பாடும் அடியார்கள் உளர். தாய் எழுப்பிய குரல் அவர்களின் காதில் இன்னும் ஒலிக்கின்றது என்பதற்கு இதனை விடச் சான்று வேண்டியதில்லை.

செய்யத் தகுந்தவை

மார்கழி வழிபாடு தளராது தொடர்வதற்கு அடியார்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

1. ஒவ்வொரு குடும்பமும் பூசைக்குப் புறப்படும்போது அயல் வீடு ஒன்றையேனும் அழைத்துச் செல்லுதல்.

2. சங்கு ஊதிச் செல்லும் பிள்ளைகள், முதியோர் தனித்து வாழும் வீட்டுப் படலையில் சற்று நின்று குரல் கொடுத்தல். மறுமொழி கேட்ட பின்னரே அப்பாற் செல்லுதல். பூசை முடிந்ததும் கோயிலுக்கு வர இயலாதவர்களுக்குத் திருநீறும் பிரசாதமும் கொண்டு சென்று கொடுத்தல்.

3. நாளுக்கு இரண்டு பாடல்களாகப் பத்து நாட்களில் இருபது பாடல்களையும் பிள்ளைகளுக்குப் பொருளுடன் கற்பித்தல்.

4. ஒலிபெருக்கி பயன்படுத்துவதாயின், நோயாளரும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளை நினைத்து ஒலியை அளவாக வைத்தல்.

5. இங்கு அதிகாலை 4.30 மணி ஆகும்போது ரொறன்ரோவில் முதல்நாள் மாலை 6 மணி. இலண்டனில் இரவு 11 மணி. அந்நேரத்தில் தொலைபேசியில் அழைத்துக் கோயில் மணியோசையைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்கச் செய்தல்.

எண்ணிப் பார்க்கச் சொன்ன அத்தோழியரின் சொல் ஒவ்வொரு ஊருக்கும் உரியது. திருவாதிரையன்று தீபாராதனை வேளையில் கோயில் மண்டபத்தில் நிற்போரை எண்ணிப் பார்த்தால், வராதவர் யார் என்பது தெரிய வரும். அவரைத் தேடிச் சென்று கதவைத் தட்டுவதும் பூசையின் ஒரு பகுதியே.

எல்லாம் வல்ல விநாயகப் பெருமானும் அம்பலத்தாடும் ஆடல்வல்லானும், அருகிலும் தொலைவிலும் வாழும் அடியார்கள் அனைவருக்கும் துயிலெழும் மனமும் துயிலெழுப்பும் அன்பும் தந்து அருள் புரிவார்களாக.