புளியமரத்துப் பேயும் கார்பன் டைஆக்சைடும்

நம்பிக்கை: இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும். பேயை நம்பாதவர்களுக்கு வேறொன்று இருக்கிறது: இரவில் மரம் கார்பன் டைஆக்சைடு விடும், மூச்சு முட்டிச் செத்துப்போவோம்.

முதலாவது பாட்டி சொன்னது. இரண்டாவது அறிவியல் வாத்தியார் சொன்னது. பாட்டியை மடக்கிக் கேள்வி கேட்ட நாம், வாத்தியாரைக் கேட்கவில்லை.

உண்மை: மரம் பகலிலும்தான் கார்பன் டைஆக்சைடு விடுகிறது. ‘பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்’ என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிறார்கள், ஏதோ மில்லில் ஷிஃப்ட் மாறுவதுபோல. வேர், தண்டு, இலை, பூ என்று உயிருள்ள ஒவ்வொரு செல்லும் இருபத்துநாலு மணி நேரமும் சுவாசித்தாக வேண்டும். பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் அதைவிடப் பல மடங்கு என்பதால், இலை தான் விட்டதையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். சுவாசம் மட்டும் நம் கண்ணில் படும்.

இதை முதலில் பிரித்துக் காட்டியவர் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். நீரில் அமிழ்த்திய இலைகள் வெயிலில் குமிழி விட்டன, நிழலில் விடவில்லை. 1779-இல் வந்த அவருடைய நூலின் நீண்ட தலைப்பிலேயே, செடிகள் இரவில் காற்றைக் கெடுக்கும் என்ற சேதியும் இருக்கிறது. கெடுப்பது நிஜம். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நாம் வெளிவிடும் மூச்சில் கார்பன் டைஆக்சைடு ஏறத்தாழ 4 சதவீதம். வெளிக்காற்றில் இருப்பதைப்போல நூறு மடங்கு. அப்படியென்றால் மரத்தைவிடப் பக்கத்துப் பாய்க்காரருக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, கல்யாண மண்டபத்தில் ஐம்பது பேர் வரிசையாகப் படுத்துக் குறட்டை விடுகிறார்கள். காலையில் ஐம்பது பேரும் காபிக்கு எழுந்துவிடுகிறார்கள். மரத்தடியிலோ சுவரும் இல்லை, கூரையும் இல்லை.

சரி, பேய் அமுக்கியது? கனவு வரும் உறக்கத்தில் கைகால் ஆடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தப் பிடி விடுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் அசைய முடியாது, கத்த வராது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கும். மெத்தையில் படுத்தாலும் வரும்.

இதன் மறுபக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தருமாம். நர்சரியில் ‘ஸ்நேக் பிளான்ட்’ விற்பவரும் இதையேதான் சொல்கிறார். ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வருவது தண்ணீர் மூலக்கூறு உடைவதால். உடைக்க ஒளி வேண்டும். ஸ்நேக் பிளான்ட், கள்ளி, அன்னாசி போன்றவை இரவில் இலைத்துளையைத் திறப்பது கார்பன் டைஆக்சைடை வாங்கிச் சேர்த்துவைக்கத்தான்.

பகலிலும் சுவாசம் நடக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், முளைகட்டிய பாசிப்பயறை வாயகன்ற பாட்டிலில் பாதிவரை போட்டு, இறுக மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் திறந்த கையோடு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பியில் கட்டிய எரியும் தீக்குச்சியை உள்ளே இறக்குங்கள். பொசுக்கென்று அணையும். அடுத்த தடவை காலையில் மூடி மாலையில் திறங்கள். அப்போதும் அணையும்.