இருமுறை ஒப்படைத்த அலுமாரி

விடுதியில் ஓர் அலுமாரியை இரு மாணவிகள் பகிர்ந்து பாவிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி விலகும்போது, மற்றவளின் பொருட்கள் உள்ளே இருப்பதைக் கவனியாது "அலுமாரி காலி" என்று பொறுப்பாளரிடம் சொல்லிவிடுகிறாள். அவர் அதைப் புதியவள் ஒருத்திக்குக் கொடுக்கிறார். பின்னர் மற்றவளும் விலகுகிறாள். அவளும் "காலி" என்கிறாள். அதே அலுமாரி இன்னொருத்திக்கும் போகிறது. இப்போது முன்பின் அறியாத இருவர் ஒரே அலுமாரியைத் தமது என நம்புகிறார்கள்.

கணினி நினைவகத்தில் இதற்கு இரட்டை விடுவிப்பு என்று பெயர். லினக்ஸ் பணிசெயல் முறைமையில் 2017 பெப்ரவரியில் வெளியான ஒரு வழு இதற்கு நல்ல உதாரணம்.

வலையமைப்பில் தரவு அனுப்பவும் பெறவும் ஒரு செய்நிரலுக்குப் பணிசெயல் முறைமை திறந்துகொடுக்கும் வாசலே சொக்கெட். அதன் வழியே வரும் ஒவ்வொரு பொதியையும் கேர்னல் நினைவகத்தில் ஓரிடத்தில் வைக்கும். அந்தப் பொதியை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் கூடவே இருக்கும். அது பூச்சியமானால் மட்டுமே இடத்தை விடுவிக்க வேண்டும்.

டிசிசிபி என்ற நெறிமுறையின் சொக்கெட்டில் இந்த ஒழுங்கு தவறியது. இணைப்புக் கோரும் பொதி வரும்போது, ஐபிவி6 தெரிவு ஒன்று போடப்பட்டிருந்தால், அந்தப் பொதி பிறகு தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளப்படும். எண்ணிக்கை ஒன்றால் கூடும். ஆனால் கோரிக்கையைக் கவனித்து முடித்த பகுதி எண்ணிக்கையைப் பாராமலே பொதியை விடுவித்துவிட்டது. வைத்திருந்த பகுதி பின்னர் அதையே மீண்டும் விடுவித்தது. இதைப் பயன்படுத்திச் சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது.

டிசிசிபி லினக்ஸில் சேர்ந்தது 2005இல். பத்தாண்டுகளுக்கு மேல் இவ்வழு எவர் கண்ணிலும் படவில்லை. அந்நெறிமுறையைப் பாவித்தவர்கள் மிகச் சிலர். அந்தத் தெரிவைப் போட்டவர்கள் அதிலும் சிலர். கடைசியில் கண்டுபிடித்தவர் அன்ட்ரே கொனொவலொவ். அவருக்கு உதவியது சிஸ்கோலர் என்ற கருவி. மனிதர் நினைத்தும் பார்க்காத வரிசைகளில் கேர்னலுக்கு ஓயாது கட்டளைகளை அனுப்பிப் பார்ப்பதே அதன் வேலை.

நினைவக வழுவின் தொல்லை என்னவென்றால், தவறு நடப்பது ஓரிடம், கணினி விழுவது வேறிடம். அதனால் கேசன் என்ற சோதிப்பானைக் கேர்னலோடு இணைக்கிறார்கள். ஒவ்வொரு எட்டு பைற்றுக்கும் ஒரு பைற்றை ஒதுக்கி, அந்த இடம் தொடக்கூடியதா என்று அது குறித்துவைக்கும். வேகம் குறையும், நினைவகமும் கூடுதலாகச் செலவாகும். ஆகவே பெரும்பாலும் சோதனைக் கணினிகளில்தான் பாவிப்பர். பிழையான தொடுகை நடந்தவுடன் அது மூன்று தடங்களைத் தரும்: இப்போது தொட்டது யார், முன்பு விடுவித்தது யார், முதலில் இடம் பெற்றது யார். பழகாதவர்கள் முதல் தடத்தையே திருத்தப் போவார்கள். பல வேளைகளில் அந்தப் பகுதி குற்றமற்றது. இரண்டாவது தடத்தில் நின்று, "விடுவிக்க உனக்கு உரிமை இருந்ததா?" என்று கேட்க வேண்டும்.

திருத்தம் சில வரிகள்தான். எண்ணிக்கை பாராது விடுவித்த அழைப்புக்குப் பதிலாக, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, பூச்சியமானால் மட்டும் விடுவிக்கும் அழைப்பை இட்டார்கள்.

சி மொழி பழகும் தங்கைகள் இதை வீட்டிலேயே பார்க்கலாம். மலொக் மூலம் ஓர் இடம் பெற்று, ஃப்ரீ கட்டளையை இருமுறை எழுதுங்கள். ஜிசிசியில் அட்ரஸ் சனிட்டைசர் தெரிவுடன் தொகுத்து இயக்குங்கள். அந்த மூன்று தடங்களும் திரையில் வரும்.